புரியாத இடம் எது? பல்கலைக்கழகக் கணிதத்திலும் இயற்பியலிலும் உதவி தேடும் முன்

பள்ளிக் கணிதத்தில் முன்னணியில் இருந்த மாணவர்களே பல்கலைக்கழகத்தின் முதல் இரண்டு ஆண்டுகளில் தடுமாறுகிறார்கள். உதவி தேடி வரும்போது அவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒரே வாக்கியம்: “இந்தப் பாடம் புரியவில்லை.” உதவ முன்வருபவர் பாடத்தை முதலிலிருந்து மறுபடியும் விளக்குகிறார். கேட்கும்போது எல்லாம் தெளிவாகத்தான் இருக்கிறது. அடுத்த கணக்கில் அதே இடத்தில் பேனா நின்றுவிடுகிறது. மாணவர் தம் அறிவைச் சந்தேகிக்கிறார். உதவியவர் மாணவரின் உழைப்பைச் சந்தேகிக்கிறார். இரண்டும் பெரும்பாலும் வீண் சந்தேகங்கள்.

இந்த இரு துறைகளிலும் தடை தென்படும் இடம் ஒன்று, தடை பிறந்த இடம் வேறு. குவாண்டம் இயக்கவியல் வகுப்பில் திணறுபவருக்கு உண்மையில் விளங்காதது, ஓராண்டுக்கு முன் படித்த அணிகளாக இருக்கலாம். பகுப்பாய்வில் (எல்லை, தொடர்ச்சி ஆகியவற்றை நிரூபணத்தோடு படிக்கும் கணிதப் பிரிவில்) ஒரு தேற்றத்தில் தடுக்கி நிற்பவர், அதன் வரையறையில் இரண்டு சொற்களின் வரிசையைக் கவனிக்காமல் விட்டவராக இருக்கலாம். எந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்று தெரியாமல் தரப்படும் விளக்கம், எவ்வளவு நன்றாக இருந்தாலும், அறுந்த இடத்தைத் தொடாமலே போய்விடும்.

பள்ளிக்குப் பிறகு எது மாறுகிறது

பள்ளியில் கேள்வி ‘விடை என்ன?’ என்று வருகிறது. பல்கலைக்கழகத்தில் அது ‘இது உண்மையா? எந்த நிபந்தனையின் கீழ் உண்மை?’ என்று மாறிவிடுகிறது. பள்ளியில் வரையறை என்பது ஏற்கெனவே மனத்தில் இருக்கும் ஒரு படத்துக்கான விளக்கக் குறிப்பு; பேனாவை எடுக்காமல் வரையக்கூடிய கோடு தொடர்ச்சியான சார்பு என்றால் அங்கே போதும். மேற்படிப்பில் வரையறைதான் பொருள். படம் அதற்கு ஒத்துவந்தால் சரி, வராவிட்டால் படத்தைத்தான் கைவிட வேண்டும். எல்லாப் புள்ளியிலும் தொடர்ச்சியாக இருந்தும் எந்தப் புள்ளியிலும் வகையிட முடியாத சார்பு ஒன்றை 1872இல் கார்ல் வையர்ஸ்ட்ராஸ் முன்வைத்தார். அப்படி ஒரு கோட்டைக் கையால் யாராலும் வரைய முடியாது. ஆனால் வரையறையின்படி அது இருக்கிறது.

இந்த மாற்றம் கணித உலகுக்கே எளிதாக வரவில்லை. நியூட்டனும் லைப்னிட்ஸும் நுண்கணிதத்தை 17ஆம் நூற்றாண்டிலேயே உருவாக்கிவிட்டார்கள். சுழியும் இல்லாமல், சுழி அல்லாததும் இல்லாமல் இருக்கும் அந்த நுண்ணிய அளவுகள் என்னதான் என்று 1734இல் மெய்யியலாளர் ஜார்ஜ் பெர்க்லி கடுமையாகக் கேள்வி எழுப்பினார். சரியான பதில் வர நெடுங்காலம் ஆனது. 1817இல் பொல்சானோ, 1821இல் கோஷி, பிறகு வையர்ஸ்ட்ராஸின் விரிவுரைகள் என்று படிப்படியாகத்தான் இன்று வகுப்பில் எழுதப்படும் எல்லை வரையறை உருவானது. முதல்தரக் கணித மேதைகளுக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் பிடித்த ஒன்று, மாணவரிடம் சில வார வகுப்புகளில் வந்து சேர்கிறது. அங்கே திணறுவதில் வெட்கப்பட எதுவும் இல்லை என்பதை இதைவிட உறுதியாகச் சொல்லும் சான்று எனக்குத் தெரியாது.

விட்டுப்போன நிபந்தனை

தடைகளில் மிக எளிதாகத் தீரக்கூடியது இது. ஆனால் தானாகக் கண்ணில் படாது.

1865இல் ருடால்ஃப் கிளவுசியஸ் என்ட்ரோபி என்று பெயரிட்ட வெப்ப இயக்கவியல் அளவை எடுத்துக்கொள்வோம். பரிமாறப்பட்ட வெப்பத்தை வெப்பநிலையால் வகுத்தால் என்ட்ரோபி மாற்றம் கிடைக்கும் என்று மாணவர் நினைவில் வைத்திருக்கிறார். பிறகு ஒரு கணக்கு வருகிறது. வெப்பம் புகாத பெட்டி, நடுவில் தடுப்பு, ஒரு பக்கம் ஒரு மோல் நல்லியல்பு வாயு, மறுபக்கம் வெற்றிடம். தடுப்பை எடுத்ததும் வாயு இரு மடங்குப் பருமனுக்கு விரிகிறது. வெப்பம் உள்ளே வரவும் இல்லை, வெளியே போகவும் இல்லை. சுழியை எதனால் வகுத்தாலும் சுழிதானே? ஆனால் நூலில் உள்ள விடை கெல்வினுக்கு 5.76 ஜூல். இங்கேதான் ‘என்ட்ரோபி புரியவில்லை’ என்ற முறையீடு பிறக்கிறது.

வரையறையில் உள்ள வெப்பம், மீள் செயல்முறை ஒன்றில், அதாவது வந்த வழியே திருப்பி நடத்தக்கூடிய செயல்முறையில், பரிமாறப்படும் வெப்பம். தடுப்பை நீக்கியதும் வாயு பாய்ந்து பரவுவது மீள் செயல்முறை அல்ல. என்ட்ரோபி தொடக்க நிலையையும் முடிவு நிலையையும் மட்டுமே சார்ந்தது என்பதால், அதே இரு நிலைகளுக்கும் நடுவே மெதுவாக, வெப்பநிலை மாறாமல் நடக்கும் வேறொரு விரிவைக் கற்பனை செய்துகொள்ளலாம். அந்தப் பாதையில் உள்ளே வரும் வெப்பத்தை வெப்பநிலையால் வகுத்தால், வாயு மாறிலி 8.314ஐ 2இன் இயல் மடக்கையான 0.693ஆல் பெருக்கிய அளவு வருகிறது. 5.76 அங்கிருந்து வந்தது. மாணவருக்கு என்ட்ரோபியின் தத்துவம் முழுவதையும் மறுபடி விளக்கியிருந்தாலும் இந்த முடிச்சு அவிழ்ந்திருக்காது. ‘மீள்’ என்ற நிபந்தனை விட்டுப்போயிருக்கிறது என்று சுட்டிக்காட்டுவதே போதுமானது.

கணிதத்திலும் இதே கதைதான். 1இலிருந்து பாதியைக் கழித்து, மூன்றில் ஒரு பங்கைக் கூட்டி, நான்கில் ஒரு பங்கைக் கழித்துப் போகும் முடிவிலித் தொடரின் கூடுதல் சுமார் 0.693. அதே உறுப்புகளை, ஒரு கூட்டல் உறுப்புக்கு இரண்டு கழித்தல் உறுப்புகள் என்று இடம்மாற்றி அடுக்கினால் கூடுதல் அதில் சரிபாதியாகிவிடும். கூட்டலில் வரிசை முக்கியமில்லை என்ற பள்ளி விதி, முடிவிலித் தொடருக்கு நிபந்தனையோடுதான் பொருந்தும்: உறுப்புகளின் குறிகளை நீக்கிக் கூட்டினாலும் தொடர் ஒருங்க வேண்டும், அதாவது அதன் கூடுதல் ஒரு குறிப்பிட்ட எண்ணை நெருங்கி நிற்க வேண்டும்.

யார் முதலில் தேர்ந்தெடுக்கிறார்

பகுப்பாய்வு வகுப்பில் மாணவர்கள் அதிகம் விழும் குழி, ‘ஒவ்வொரு’ என்பதும் ‘ஏதேனும் ஒன்று இருக்கிறது’ என்பதும் எந்த வரிசையில் வருகின்றன என்பது.

1, 1/2, 1/3, 1/4 என்று போகும் தொடர்முறையின் எல்லை 0. இதன் பொருள்: எப்சிலான் என்ற நேர் எண் எதைக் கொடுத்தாலும், அதற்கேற்ற ஓர் இடம் இருக்கிறது, அந்த இடத்திலிருந்து எல்லா உறுப்புகளும் 0இலிருந்து எப்சிலானைவிடக் குறைந்த தொலைவில் இருக்கும். எப்சிலான் 0.01 என்றால் 101ஆம் உறுப்பிலிருந்து சரியாகிவிடுகிறது. 0.001 என்றால் 1001ஆம் உறுப்பு வரை போக வேண்டும். எப்சிலானை எதிராளி முதலில் தருகிறார்; இடத்தை நாம் பிறகு தேர்ந்தெடுக்கிறோம்.

இப்போது வரிசையை மாற்றிப் பார்க்கலாம். ‘ஓர் இடம் இருக்கிறது, அது எல்லா எப்சிலானுக்கும் பொருந்தும்.’ சொற்கள் ஏறக்குறைய அவைதான். ஆனால் எல்லா நேர் எண்களையும்விடச் சிறிய தொலைவு சுழி மட்டுமே. எனவே அந்த இடத்துக்குப் பிறகு உறுப்புகள் எல்லாம் எல்லைக்குச் சமமாகவே இருந்தாக வேண்டும். 1/2, 1/3, 1/4 என்ற தொடர்முறை இந்தத் தேர்வில் தோற்றுவிடும். வரையறையை ‘ஏறக்குறைய’ மனப்பாடம் செய்தவர் எழுதும் நிரூபணம் ஏன் முழு மதிப்பெண்ணையும் இழக்கிறது என்பதற்கு இதுவே விடை.

இந்த வரிசை பெரிய விளைவுகளை உடையது. தொடர்ச்சியான சார்புகளின் ஒருங்கும் தொடர் ஒன்றைக் கூட்டினால் வரும் சார்பும் தொடர்ச்சியானதுதான் என்று 1821இல் கோஷி எழுதினார். இன்று நாம் ஒருங்குவதைப் புரிந்துகொள்ளும் பொருளில் அந்தக் கூற்று தவறு. 1826இல் நீல்ஸ் ஹென்ரிக் ஏபெல், சைன் சார்புகளால் ஆன ஒரு தொடரை எதிர் எடுத்துக்காட்டாகக் காட்டினார். அதன் ஒவ்வோர் உறுப்பும் தொடர்ச்சியானது. கூடுதலோ பை என்ற புள்ளிக்குச் சற்று முன்வரை நேர்கோடாக ஏறிவந்து, அங்கே திடீரென்று அறுந்து கீழே விழுகிறது. ஒவ்வொரு புள்ளியிலும் தொடர் ஒருங்குகிறது. ஆனால் எத்தனை உறுப்புகளைக் கூட்டினால் போதும் என்பது புள்ளிக்குப் புள்ளி மாறுகிறது. பையை நெருங்க நெருங்க அந்த எண்ணிக்கை கட்டுக்கடங்காமல் போகிறது. எல்லாப் புள்ளிகளுக்கும் ஒரே எண்ணிக்கை போதுமா என்று தனியாகக் கேட்க வேண்டும் என்பது 1847-48 காலத்தில் ஸ்டோக்ஸும் சைடலும் தனித்தனியே எழுதியபோதுதான் வெளிச்சத்துக்கு வந்தது. இன்று அதற்குச் சீரான ஒருங்கல் என்று பெயர்.

அதனால், எப்சிலான் நிரூபணத்தில் சிக்கிய மாணவருக்கு இன்னொரு படம் வரைந்து காட்டுவதைவிட, ‘இந்த வரியில் எது முதலில் கொடுக்கப்பட்டது, எது பிறகு தேர்ந்தெடுக்கப்பட்டது?’ என்று கேட்பதே சிறந்த உதவி என்பேன்.

அம்பு காணாமல் போகும் வகுப்பு

பள்ளியில் வெக்டர் என்றால் அளவும் திசையும் உள்ள அம்பு. பல்கலைக்கழகத்தில் எட்டு விதிகளுக்கு உட்பட்டுக் கூட்டவும், எண்ணால் பெருக்கவும் கூடிய எதுவும் வெக்டர். பல்லுறுப்புக்கோவைகள் வெக்டர்கள், சார்புகள் வெக்டர்கள். 1888இலேயே பியானோ இந்த விதிகளை எழுதிவிட்டார். ‘சார்பில் அம்பு எங்கே?’ என்று தேடும் மாணவர் இல்லாத ஒன்றைத் தேடுகிறார். அவருக்கு நேரடியாகச் சொல்ல வேண்டும்: அம்பு ஓர் எடுத்துக்காட்டு மட்டுமே, பொதுக்கருத்து விதிகளில் இருக்கிறது.

இந்த இடத்தில் தங்கிவிட்ட தடை, அடுத்த ஆண்டு வேறு பெயரில் வருகிறது. சார்பு ஒரு வெக்டர் என்றால், வகையிடுதல் என்பது அணியைப் போல ஒரு வெக்டரை இன்னொரு வெக்டராக மாற்றும் நேரியல் செயலி. அடுக்குக்குறிச் சார்பு ஒன்றை வகையிட்டால் அதே சார்பு ஒரு மாறிலியால் பெருக்கப்பட்டுத் திரும்புகிறது. அதாவது அது அந்தச் செயலியின் ஐகென் வெக்டர், மாறிலிதான் ஐகென் மதிப்பு. 1926இல் ஷ்ரோடிங்கர் எழுதிய, நேரத்தைச் சாராத சமன்பாடு ஓர் ஐகென் மதிப்புக் கணக்கேதான். ஆற்றல் நிலைகள் அந்தக் கணக்கின் விடைகள். அணிகளின் ஐகென் மதிப்பைச் சூத்திரமாக மட்டும் போட்டுப் பழகியவருக்கு, ஆற்றல் தனித்தனிப் படிகளாக வருவது மாயமாகத் தோன்றுகிறது. அவர் கேட்கும் உதவி குவாண்டம் பற்றியது. வேண்டிய உதவி நேரியல் இயற்கணிதம் பற்றியது.

வரிசை மாற்றினால் விடை மாறும் பெருக்கலும் அப்படியே. எக்ஸ் வர்க்கம் என்ற சார்பை எடுங்கள். முதலில் எக்ஸால் பெருக்கிப் பிறகு வகையிட்டால் எக்ஸ் வர்க்கத்தின் மூன்று மடங்கு கிடைக்கும். முதலில் வகையிட்டுப் பிறகு எக்ஸால் பெருக்கினால் இரண்டு மடங்கு. வேறுபாடு, தொடக்கத்தில் எடுத்த சார்பேதான். வகையிடக்கூடிய எந்தச் சார்பை எடுத்தாலும் இதுவே நடக்கும். பெருக்கல் விதி அதை உறுதிசெய்கிறது. குவாண்டம் இயக்கவியலில் இடத்துக்கு ‘எக்ஸால் பெருக்கு’ என்ற செயலியும், உந்தத்துக்கு வகையிடும் செயலியும் வருகின்றன. இடத்தையும் உந்தத்தையும் ஒரே நேரத்தில் துல்லியமாக அறிய முடியாது என்ற நிச்சயமின்மைக் கொள்கையின் வேர் இந்த இரண்டு வரிக் கணக்கில் இருக்கிறது. 1925இல் ஹைசன்பெர்க் தம் கணக்கீட்டில் இப்படிப்பட்ட பெருக்கலைச் சந்தித்தபோது, அணிகளை அவர் அறிந்திருக்கவில்லை. அது அணிப் பெருக்கல் என்று அடையாளம் கண்டவர் மாக்ஸ் போர்ன்.

தோராயம் என்ற சொல்லாத ஒப்பந்தம்

இயற்பியல் வகுப்பில் மட்டும் தோன்றும் தடை ஒன்று உண்டு. ஊசலின் சமன்பாட்டில் கோணத்தின் சைனுக்குப் பதிலாகக் கோணத்தையே போட்டுவிடுகிறார்கள். கணித வகுப்பிலிருந்து நேரே வரும் மாணவருக்கு இது மோசடியாகப் படுகிறது. ஊசல் 20 பாகை வரை விலகி ஆடும்போது இதனால் அலைவு நேரத்தில் வரும் பிழை ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. 90 பாகை என்றால் உண்மையான நேரம் சூத்திரம் தருவதைவிட 18 விழுக்காடு அதிகம். எதை ஒதுக்கினோம், எவ்வளவு பிழையை ஏற்றோம் என்பதை ஆசிரியர் ஒரு வரியில் சொல்லிவிட்டால் தீர்ந்தது. சொல்லாவிட்டால் மாணவர் கேட்க வேண்டும்.

அறுந்த இடத்தைக் கண்டறிதல்

உதவி கேட்கும் முன் கீழ்க்காணும் சோதனைகளை வரிசையாகச் செய்யலாம். எந்தச் சோதனையில் கை நிற்கிறதோ, தடை பெரும்பாலும் அங்கேதான்.

1. நூலை மூடிவிட்டு வரையறையை முழுமையாக எழுதுங்கள். ‘ஏறக்குறைய தெரியும்’ என்பது தெரியாது என்றே பொருள்படும்.

2. வரையறைக்குப் பொருந்தும் எடுத்துக்காட்டு ஒன்றும், மயிரிழையில் தவறும் எடுத்துக்காட்டு ஒன்றும் சொல்லுங்கள். இரண்டாவதுதான் கடினம், அதிகம் கற்றுத்தருவதும் அதுவே.

3. தேற்றத்தின் நிபந்தனைகளில் ஒன்றை நீக்கிவிட்டு, நிரூபணத்தின் எந்த வரி இடிந்து விழுகிறது என்று தேடுங்கள். எந்த வரியும் விழவில்லை என்றால் நிரூபணத்தை நீங்கள் இன்னும் படிக்கவில்லை, பார்த்திருக்கிறீர்கள்.

4. இயற்பியல் கணக்கென்றால், ஆராயப்படும் அமைப்பு எது, அதற்கு வெளியே இருப்பது எது, எதை ஒதுக்கியிருக்கிறோம், எந்த விதி பொருந்துகிறது என்று ஒவ்வொன்றையும் ஒரு வாக்கியமாக எழுதுங்கள்.

நான்காவதற்குத் தனிக் காரணம் உண்டு. 1981இல் சீ, ஃபெல்டோவிச், கிளேசர் ஆகிய ஆய்வாளர்கள் இயற்பியல் கணக்குகளை வகைப்படுத்தச் சொல்லிப் பார்த்தார்கள். புதியவர்கள் சாய்தளம், சுருள்வில் என்று கண்ணுக்குத் தெரியும் பொருள்களை வைத்துப் பிரித்தார்கள். தேர்ந்தவர்கள் ஆற்றல் அழிவின்மை, நியூட்டனின் இரண்டாம் விதி என்று உள்ளிருக்கும் கொள்கையை வைத்துப் பிரித்தார்கள். ‘சாய்தளக் கணக்கு வரவில்லை’ என்று உதவி கேட்பவர் முதல் வகையில் நிற்கிறார். அவருக்கு இன்னும் பத்துச் சாய்தளக் கணக்குகளைப் போட்டுக் காட்டினாலும், சுருள்வில்லில் மறைந்திருக்கும் அதே கணக்கு அந்நியமாகவே இருக்கும்.

பதில் கிடைக்கும் கேள்வி

‘சீரான தொடர்ச்சி புரியவில்லை, விளக்குங்கள்’ என்ற கேள்விக்கு யாரும் பாடநூலைத் திரும்ப எழுதித்தான் தர முடியும். இரு புள்ளிகள் டெல்டாவைவிட நெருக்கமாக இருந்தால் சார்பின் மதிப்புகளும் எப்சிலானைவிட நெருக்கமாக இருக்கும் என்பதற்கு, எல்லாப் புள்ளிகளுக்கும் ஒரே டெல்டா போதுமானால் அதுவே சீரான தொடர்ச்சி. இந்தக் கேள்வியைப் பாருங்கள்:

“எக்ஸ் வர்க்கம் என்ற சார்பு எல்லா மெய்யெண்கள் மீதும் சீரான தொடர்ச்சி உடையதல்ல என்று நிறுவ வேண்டும். வரையறையை மறுத்து எழுதினேன். எப்சிலானை 1 என்று வைத்தேன். டெல்டா எதுவாயினும், டெல்டாவைவிட நெருக்கமாக உள்ள இரு புள்ளிகளில் சார்பின் மதிப்புகள் குறைந்தது 1 வேறுபட வேண்டும். 1ஐ டெல்டாவால் வகுத்து வரும் எண்ணை முதல் புள்ளியாகவும், அதைவிட டெல்டாவில் பாதி கூடுதலான எண்ணை இரண்டாவதாகவும் எடுத்தால் வேறுபாடு 1ஐத் தாண்டுகிறது. என் சந்தேகம்: புள்ளியை டெல்டாவைச் சார்ந்து தேர்ந்தெடுக்கலாமா?”

இதற்கு ஒரே வரியில் பதில் சொல்லலாம்: தேர்ந்தெடுக்கலாம், ஏனென்றால் டெல்டா முதலில் கொடுக்கப்பட்டுவிட்டது. இந்த மாணவர் தம் நிரூபணத்தை ஏற்கெனவே முடித்துவிட்டார் என்பதும், அவருக்கு மிஞ்சியிருந்தது வரிசை பற்றிய ஐயம் மட்டுமே என்பதும் கேள்வியிலேயே தெரிகிறது. கேட்க வேண்டியவை இவைதான்: எதை நிறுவ முயல்கிறேன், எந்த வரையறையைப் பயன்படுத்துகிறேன், எதுவரை வந்தேன், எந்த வரியில் நம்பிக்கை போயிற்று.

பெரிய அளவிலும் உதவி இப்படித்தான் பலித்திருக்கிறது. 1912இல் ஐன்ஸ்டைன் சூரிச்சுக்குத் திரும்பியபோது, உடன்படித்த நண்பர் மார்செல் கிராஸ்மன் அங்கே கணிதப் பேராசிரியர். ஐன்ஸ்டைனுக்கு, வளைந்த வெளிகளை ஆராயும் ரீமானின் வடிவியல் அப்போது கைவசம் இல்லை. ஆனால் என்ன தேவை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது: ஆயங்களை எப்படி மாற்றினாலும் வடிவம் மாறாத சமன்பாடுகள். ரிச்சியும் லெவி-சிவிட்டாவும் வளர்த்த டென்சர் முறையைக் கிராஸ்மன் அவருக்கு அறிமுகம் செய்தார். 1913இல் இருவரும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில் இயற்பியல் பகுதி ஐன்ஸ்டைனுடையது, கணிதப் பகுதி கிராஸ்மனுடையது. பொதுச் சார்பியலின் இறுதிச் சமன்பாடுகள் 1915 நவம்பரில் வந்தன.

உதவியின் அளவு

கேட்ட கணக்கையே முழுதாகப் போட்டுக் கொடுப்பது அன்பான செயல்தான், அதிகம் பயன்படாது. முற்றிலும் புதியவருக்கு முழுமையாகத் தீர்த்த எடுத்துக்காட்டுகள் நல்ல பலன் தருகின்றன என்று 1985இல் ஸ்வெல்லர், கூப்பர் ஆகியோரின் இயற்கணித ஆய்வு காட்டியது. ஆகவே வழி இது: அதே கொள்கையில் வேறொரு கணக்கை முழுதாகத் தீர்த்துக் காட்டிவிட்டு, கேட்ட கணக்கை மாணவரிடமே விட்டுவிடலாம். ‘இதெல்லாம் அடிப்படை, இதுகூடத் தெரியாதா’ என்ற பேச்சை உதவுபவர் அடியோடு விட்டொழிக்க வேண்டும். அடிப்படைகள்தான் இந்தத் துறைகளில் மிகக் கடினமானவை, மிகப் பிந்தி வந்தவை.

மாணவரின் பக்கம் ஓர் எச்சரிக்கை. சரளமான விளக்கம் தரும் தெளிவுணர்வை அளவுகோலாகக் கொள்ளக்கூடாது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தொடக்கநிலை இயற்பியல் வகுப்புகளில் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், தாமே கணக்குகளோடு போராடிய மாணவர்கள், நல்ல விரிவுரையைக் கேட்டவர்களைவிடக் குறைவாகக் கற்றதாக உணர்ந்தார்கள். தேர்வில் அவர்களே அதிகம் கற்றிருந்தார்கள்.

கணினியிடம் கேட்டு வாங்கும் விடைக்கு இது இன்னும் பொருந்தும். நடை தடையில்லாமல் ஓடும். நிபந்தனை ஒன்று நழுவியிருந்தாலும், ‘ஒவ்வொரு’ என்பது இடம் மாறியிருந்தாலும் நடையில் தெரியாது. வந்த விடையில் இருபுறமும் அலகுகள் ஒத்துப்போகின்றனவா, நிறையையோ கோணத்தையோ சுழியாக்கினால் எதிர்பார்த்தது வருகிறதா, விடை தெரிந்த சிறிய எண் ஒன்றைப் போட்டால் பொருந்துகிறதா என்று பார்ப்பது சில நிமிட வேலை.

எவ்வளவு பின்னால் போக வேண்டும்

அறுந்த இடம் முந்தைய ஆண்டில் இருக்கிறது என்று தெரிந்ததும் பலர் அந்தப் பாடம் முழுவதையும் மறுபடி படிக்கத் தொடங்கி, நடப்புப் பாடத்திலும் பின்தங்கிவிடுகிறார்கள். அது தேவையில்லை. குவாண்டம் இயக்கவியலின் முதல் பருவத்துக்குக் கலப்பெண்கள், உட்பெருக்கம், ஐகென் மதிப்பு, மாறிலிக் கெழுக்கள் கொண்ட இரண்டாம் வரிசை வகைக்கெழுச் சமன்பாடு, நிகழ்தகவின் சராசரியும் விலக்கமும் ஆகியவை போதும். மின்காந்தவியலுக்குச் சாய்வு, விரிதல், சுழல் ஆகிய மூன்றும், அவற்றைத் தொகையீட்டோடு இணைக்கும் காஸ், ஸ்டோக்ஸ் தேற்றங்களும் வேண்டும். முதலில் இவற்றில் இரண்டு பரிமாணத்தில் கையால் போடக்கூடிய ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். அது வந்துவிட்டால் அந்த இழையை விட்டு அடுத்ததற்குப் போகலாம். வராவிட்டால் ஆசிரியரிடமோ சக மாணவரிடமோ எடுத்துச் செல்ல வேண்டிய தாள் அதுதான்.